பாஸ் மார்க் எங்கிருந்து வருகிறது?

பத்தாம் வகுப்பில் 35. எம்.பி.பி.எஸ்.ஸில் 50. இந்த எண்கள் எங்கிருந்து வந்தன என்று நாம் கேட்பதே இல்லை. அது அப்படித்தான் இருக்கும் என்று ஏற்றுக்கொண்டு, படித்து, எழுதி, பாஸோ ஃபெயிலோ ஆகி வெளியே வந்துவிட்டோம். எனக்கும் இந்தக் கேள்வி தானாக வரவில்லை. என் சித்தி மகள் எம்.பி.பி.எஸ். முடித்துவிட்டு, பிரிட்டனில் டாக்டராக வேலை பார்ப்பதற்கான பிளாப் தேர்வின் இரண்டாம் பகுதிக்குத் தயாராகிக்கொண்டிருந்தாள். ஒருநாள் போனில், "ஏண்ணா, இந்தப் பரீட்சையில பாஸ் மார்க் நாளுக்கு நாள் மாறுமாம். செவ்வாய்க்கிழமை போனவங்களுக்கு ஒண்ணு, புதன்கிழமை போனவங்களுக்கு ஒண்ணு. இது என்ன நியாயம்?" என்றாள்.

நான் டாக்டர் இல்லை. எண்களோடு வேலை செய்பவன். அதனாலேயே இந்தக் கேள்வி எனக்குள் மாட்டிக்கொண்டது. சில மாதங்கள் தேடித் தேடிப் படித்தபிறகு, நாளுக்கு நாள் மாறுகிற பாஸ் மார்க்தான் ஓரளவு நியாயமானது, எந்த நாளும் மாறாத 50தான் சந்தேகத்துக்குரியது என்ற இடத்தில் வந்து நிற்கிறேன். கேட்கத் தலைகீழாக இருக்கும். கொஞ்சம் பொறுமையாகப் பார்க்கலாம்.

முதலில், இது என்ன மாதிரியான பரீட்சை? எழுத்துத் தேர்வு இல்லை. கையால் செய்து காட்டுவது, வாயால் பேசிக் காட்டுவது. பழைய முறை நம் ஊர் டாக்டர்கள் எல்லோருக்கும் தெரியும்: லாங் கேஸ், ஷார்ட் கேஸ், வைவா. வார்டில் ஒரு நோயாளியை ஒதுக்குவார்கள். மாணவர் விசாரித்து, பரிசோதித்து, எக்ஸாமினர் முன்னால் நின்று ஒப்பிப்பார். கோர்வையாகப் பேசுகிற நோயாளி கிடைத்தவர் அதிர்ஷ்டசாலி. காலையிலிருந்து பத்து மாணவர்களிடம் ஒரே கதையைச் சொல்லிக் களைத்துப்போய் முகத்தைத் திருப்பிக்கொள்கிற நோயாளி கிடைத்தால் அவ்வளவுதான். எக்ஸாமினரின் சுபாவம் வேறு. ஒரே ஒரு நோயாளி, இரண்டோ மூன்றோ எக்ஸாமினர்கள், அதற்குள் ஒருவரின் ஐந்து வருடப் படிப்பு.

இதற்கு மாற்றாக ஸ்காட்லாந்தின் டண்டீயில் இருந்த ரொனால்ட் ஹார்டனும் அவரோடு வேலை செய்தவர்களும் 1975-இல் ஒரு முறையை எழுதி வெளியிட்டார்கள். டாக்டர்கள் அதை ஆஸ்கி என்பார்கள். ஒரு பெரிய நோயாளிக்குப் பதில் பல சின்னச் சின்ன ஸ்டேஷன்கள். ஒன்றில் ரத்த அழுத்தம் பார்க்கவேண்டும், அடுத்ததில் நெஞ்சுவலி என்று வந்தவரை விசாரிக்கவேண்டும், அதற்கடுத்ததில் ஒரு கெட்ட செய்தியைக் குடும்பத்தாரிடம் சொல்லவேண்டும். மணி அடித்தால் அடுத்த ஸ்டேஷன். எல்லா மாணவர்களும் ஒரே ஸ்டேஷன்களைச் சுற்றி வருவார்கள். நோயாளியாகப் பெரும்பாலும் பயிற்சி பெற்ற நடிகர் உட்கார்ந்திருப்பார். பிளாப் இரண்டாம் பகுதியும் இதே வகைதான். மான்செஸ்டரில் நடக்கிறது. 16 ஸ்டேஷன், ஒவ்வொன்றும் 8 நிமிடம், உள்ளே நுழையும்முன் குறிப்பைப் படிக்க ஒன்றரை நிமிடம்.

எல்லோருக்கும் ஒரே கேள்வி, ஒரே நேரம், பல எக்ஸாமினர்கள். அதிர்ஷ்டத்தின் பங்கு நிறையக் குறைந்துவிட்டது. ஆனால் ஹார்டனின் முறை ஒரு கேள்விக்குத் தானாகப் பதில் சொல்லவில்லை. 20-க்கு எவ்வளவு எடுத்தால் போதும்?

எடுத்த எடுப்பில் எவருக்கும் தோன்றுவது: பாதி. அதாவது 10. சரி, ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம் (எண்கள் நான் வசதிக்காக வைத்துக்கொண்டவை). முதல் ஸ்டேஷனில் ரத்த அழுத்தம் பார்க்கவேண்டும். கை கழுவினால் ஒரு மதிப்பெண், பெயர் சொல்லி அறிமுகம் செய்துகொண்டால் ஒன்று, நோயாளியின் சம்மதம் கேட்டால் ஒன்று, சரியான அளவு பட்டையைத் தேர்ந்தெடுத்தால் ஒன்று. இப்படியே 20 வரை போகும். அளவை 30 புள்ளி தப்பாகச் சொன்னவர்கூடப் பட்டியலின் சின்னச் சின்ன விஷயங்களால் 11 எடுத்துவிடலாம். இரண்டாவது ஸ்டேஷனில் மூச்சுத்திணறலோடு வந்தவர். என்ன வியாதி என்றே தெரியாது, நேரம் ஓடுகிறது. நன்றாகவே சமாளித்த மாணவர்கூட 9-ஐத் தாண்டுவது கஷ்டம். இரண்டுக்கும் 10 என்று கோடு போட்டால் என்ன ஆகும்? ரத்த அழுத்தம் பார்க்கத் தெரியாதவர் பாஸ், மூச்சுத்திணறலைச் சமாளித்தவர் ஃபெயில்.

50 என்பது பாரபட்சமில்லாத எண்போலத் தெரிவதற்குக் காரணம், அதை யார் போட்டார்கள் என்று நமக்குத் தெரியாததுதான். உண்மையில் கேள்வித்தாளையும் செக்லிஸ்டையும் தயாரித்தவர்தான் பாஸ் மார்க்கையும் போடுகிறார். சுலபமாகக் கேட்டால் கோடு கீழே இறங்குகிறது, கடினமாகக் கேட்டால் மேலே ஏறுகிறது. அவரே அறியாமல் நடக்கிறது, அவ்வளவுதான்.

இன்னொரு சுருக்குவழி உண்டு: கடைசி பத்து சதவீதம் பேரை ஃபெயில் ஆக்கிவிடுவது. இடம் நூறு, ஆள் ஆயிரம் என்கிற நுழைவுத் தேர்வில் இப்படி வரிசைப்படுத்துவதில் தப்பில்லை. வேலையே வடிகட்டுவதுதான். ஆனால் ஒருவர் நோயாளியைத் தொடலாமா கூடாதா என்று முடிவு செய்கிற தேர்வில், அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவர் எவ்வளவு கெட்டிக்காரர் என்பதற்கு என்ன சம்பந்தம்? ஒரு வருட மாணவர்கள் எல்லோரும் நன்றாக இருந்தால் எல்லோரும் பாஸாகவேண்டும். எல்லோரும் மோசமென்றால் எல்லோரும் ஃபெயிலாகவேண்டும். கடைசி பத்துப் பேர் என்ற கோடு இரண்டு வருடங்களிலும் ஒரே எண்ணிக்கையைத்தான் கொடுக்கும்.

அப்படியானால் தெரிந்தவர்களைக் கூட்டிவைத்துக் கேட்கலாமே? கேட்டார்கள். அமெரிக்காவில் எஜுகேஷனல் டெஸ்டிங் சர்வீஸில் இருந்த வில்லியம் ஆங்காஃப் 1971-இல் எழுதிய ஒரு நீண்ட அத்தியாயத்தின் நடுவே, வேறு ஏதோ பேசிக்கொண்டிருக்கும்போது, சில வரிகளில் ஒரு யோசனையைச் சொல்லிவிட்டுப் போனார். யோசனை தன்னுடையதுகூட இல்லை, லெட்யார்ட் டக்கருடையது என்று பின்னால் சொன்னார். ஆனாலும் இன்றுவரை அது ஆங்காஃப் முறைதான். பெயர் நிற்கிற விதமே தனி.

முறை இது. நிபுணர்கள் ஒரு மேஜையைச் சுற்றி உட்காருவார்கள். "கரணம் தப்பினால் ஃபெயில் என்ற நிலையில், ஆனால் தேறிவிடக்கூடிய ஒரு மாணவரை மனதில் நினைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கேள்விக்கு அவர் சரியாகப் பதில் சொல்ல எத்தனை சதவீதம் வாய்ப்பு?" என்று ஒவ்வொரு கேள்விக்கும் கேட்பார்கள். எல்லோர் சொன்னதையும் சராசரி எடுத்துக் கூட்டினால் பாஸ் மார்க். எழுத்துத் தேர்வுகளில் இது இன்றும் நன்றாக ஓடுகிறது. செய்முறைத் தேர்வில்தான் தடுமாறுகிறது. காரணம் எளிமையானது: நிபுணர்களால் அந்தத் தத்தளிக்கிற மாணவரைக் கற்பனை செய்யவே முடிவதில்லை. இருபது வருடம் வார்டில் இருந்தவருக்கு எல்லாமே சுலபம். "இதுகூடத் தெரியாதா?" என்று சதவீதத்தை ஏற்றிக்கொண்டே போவார். ஏழெட்டு நிபுணர்களை ஒரு நாள் முழுக்க உட்காரவைக்கிற செலவு வேறு.

இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த திருப்பம் வருகிறது. கற்பனை மாணவர் எதற்கு? நிஜமான மாணவர் எக்ஸாமினர் முன்னால் நிற்கிறாரே!

பார்டர்லைன் முறைகள் என்று அழைக்கப்படுகிறவை இந்த ஒரு யோசனையின்மேல் நிற்கின்றன. ஒவ்வொரு ஸ்டேஷனிலும் எக்ஸாமினர் இரண்டு வேலை செய்வார். ஒன்று, வழக்கம்போல் மதிப்பெண் போடுவது. இரண்டு, அதைப் பற்றிக் கவலைப்படாமல், மொத்தத்தில் இந்த ஆள் எப்படி என்று ஒரு வார்த்தையில் சொல்வது: ஃபெயில், பார்டர்லைன், பாஸ், பிரமாதம். தேர்வு முடிந்தபின், 'பார்டர்லைன்' என்று குறிக்கப்பட்டவர்களை மட்டும் எடுத்து, அவர்கள் அந்த ஸ்டேஷனில் எடுத்த மதிப்பெண்களின் சராசரியைப் பார்ப்பார்கள். அதுதான் அந்த ஸ்டேஷனின் பாஸ் மார்க். சுலபமான ஸ்டேஷனில் தத்தளிப்பவர்கூட 12 எடுத்திருப்பார், பாஸ் மார்க் 12. கடினமானதில் அதே மாதிரி ஆள் எட்டரைதான் எடுத்திருப்பார், பாஸ் மார்க் எட்டரை. கேள்வியின் கடினம் தன்னாலே கணக்கில் வந்துவிடுகிறது. யாரும் ஊகிக்க வேண்டியதில்லை.

ஒரு சிக்கல்: பார்டர்லைனில் எத்தனை பேர் இருப்பார்கள்? ஐந்தே பேர், அவர்களின் மதிப்பெண் 9, 10, 11, 12, 18 என்று வைத்துக்கொள்ளுங்கள். சராசரி 12. அந்த 18 எடுத்தவரை எக்ஸாமினர் ஏதோ கோபத்தில் பார்டர்லைன் என்று குறித்துவிட்டார் என்றால்? அவரை நீக்கிப் பாருங்கள், சராசரி பத்தரை. ஒரே ஒரு டிக் அடித்ததில் ஒன்றரை மதிப்பெண் நகர்ந்துவிட்டது. நடுவில் மாட்டியவர்களுக்கு அது ஆறு மாதமோ ஒரு வருடமோ.

இதைச் சரிசெய்யத்தான் ரிக்ரெஷன். பள்ளியில் கிராஃப் தாளில் புள்ளி வைத்து, நடுவே ஸ்கேல் வைத்துக் கோடு இழுத்தோமே, அதேதான். கிடை அச்சில் எக்ஸாமினர் சொன்ன ஒற்றை வார்த்தை: ஃபெயிலுக்கு 0, பார்டர்லைனுக்கு 1, பாஸுக்கு 2, பிரமாதத்துக்கு 3. செங்குத்து அச்சில் மதிப்பெண். எல்லா மாணவர்களும் ஆளுக்கொரு புள்ளி. புள்ளிகளுக்கு நடுவே பொருத்தமான ஒரு நேர்கோடு. அந்தக் கோடு 1-க்கு நேர்மேலே எந்த மதிப்பெண்ணில் நிற்கிறதோ அதுதான் பாஸ் மார்க். ஐந்து பேரை மட்டும் நம்பாமல் மொத்த வகுப்பின் தகவலையும் பயன்படுத்துகிறோம். ஒரு 18 தப்பான இடத்தில் உட்கார்ந்திருந்தாலும் மற்ற நூறு புள்ளிகள் கோட்டை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். பிரிட்டனில் பல மருத்துவக் கல்லூரிகள் இதைத்தான் பயன்படுத்துகின்றன, பிளாப் இரண்டாம் பகுதியும் அப்படித்தான்.

சித்தி மகளுக்கு நான் சொன்ன பதிலும் இதுதான். செவ்வாய்க்கிழமை ஸ்டேஷன்கள் வேறு, புதன்கிழமை ஸ்டேஷன்கள் வேறு. ஒரே எண்ணை இரண்டு நாளும் வைத்தால் கடினமான நாளில் போனவர்தான் மாட்டுவார். "அப்போ எங்கூட வர்றவங்க எல்லாம் பிரில்லியண்டா இருந்தா?" என்று உடனே கேட்டாள். நல்ல கேள்வி. கடைசி பத்து சதவீதம் மாதிரியான முறையாக இருந்தால் பயப்படவேண்டும். ரிக்ரெஷனில் கெட்டிக்காரர்கள் கூடினால் 2, 3 பக்கம் புள்ளிகள் கூடும், 1-க்கு மேலே கோடு நிற்கிற உயரம் பெரிதாக மாறாது. குறைந்தபட்சம் கணக்கு அப்படித்தான் சொல்கிறது. மனுஷர்கள் கணக்கு சொன்னபடி நடந்துகொள்வார்களா என்பது வேறு, அதற்கு வருகிறேன்.

படிக்கப் படிக்க எனக்குப் புரிந்தது, இந்த முறையின் பலமும் பலவீனமும் அந்த ஒரு வார்த்தையில்தான் இருக்கிறது. பார்டர்லைன் என்றால் என்ன? 'சுமார்' என்றா? 'எனக்கு முடிவு பண்ண முடியல' என்றா? 'ஃபெயில் போட்டால் பையன் பாவம்' என்றா? எக்ஸாமினர்களும் மனுஷர்கள்தான். எதிரில் கை நடுங்க நிற்கிற மாணவரைப் பார்த்து ஃபெயில் என்று குறிக்க மனம் வராமல் பார்டர்லைனில் போய் ஒதுங்குவார்கள். இப்படிப் பலர் செய்தால் உண்மையில் தேறாதவர்கள் பார்டர்லைனில் குவிந்து, கோடு அந்த இடத்தில் தாழ்ந்து, பாஸ் மார்க் சத்தமில்லாமல் இறங்கிவிடும். ஒரு மாணவருக்குக் காட்டிய இரக்கம் எல்லோர் பாஸ் மார்க்கையும் இறக்குகிறது. அதனால்தான் தேர்வுக்கு முன் எக்ஸாமினர்களை உட்காரவைத்து, வீடியோக்கள் காட்டி, இது பார்டர்லைனா இல்லையா என்று விவாதிக்கவைப்பது இந்த முறையில் கட்டாயமான வேலை. நான் கேட்டதில் பயனுள்ள கேள்வி ஒன்று: நாளை ராத்திரி இரண்டு மணிக்கு, சீனியர் யாரும் பக்கத்தில் இல்லாத வார்டில், இவர் ஹவுஸ் சர்ஜனாக இருந்தால் உங்களுக்குத் தூக்கம் வருமா? வரும் என்றால் பாஸ். வராது என்றால் ஃபெயில். புரண்டு புரண்டு படுப்பேன் என்றால் பார்டர்லைன்.

அடுத்தது செக்லிஸ்ட். 1999-இல் டொரண்டோவைச் சேர்ந்த பிரையன் ஹாட்ஜஸும் மற்றவர்களும் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். மருத்துவ மாணவர்கள், பயிற்சி டாக்டர்கள், அனுபவமுள்ள டாக்டர்கள் மூன்று தரப்பையும் ஆஸ்கியில் நிறுத்தினார்கள். எக்ஸாமினரின் ஒட்டுமொத்த மதிப்பீட்டில் அனுபவசாலிகள் மேலே. செக்லிஸ்டில்? மற்ற இரு தரப்பையும்விடக் கீழே! யோசித்தால் ஆச்சரியமில்லை. அனுபவமுள்ள டாக்டர் நான்கு கேள்வி கேட்டு விஷயத்துக்கு வந்துவிடுவார். செக்லிஸ்டோ முப்பது கேள்வி கேட்டவருக்குத்தான் முப்பது டிக் கொடுக்கும். இப்படிப்பட்ட ஸ்டேஷனில் ரிக்ரெஷன் கோடு கிட்டத்தட்டப் படுத்தே கிடக்கும். ஃபெயில் என்று சொல்லப்பட்டவரும் 12, பிரமாதம் என்று சொல்லப்பட்டவரும் 13. அங்கே வருகிற பாஸ் மார்க்குக்கு அர்த்தமே இல்லை. ஆனால் ஒன்று, கோடு படுத்துக்கிடக்கிறது என்பதே ஒரு தகவல். எக்ஸாமினரின் கண்ணும் மதிப்பெண் தாளும் ஒன்றையொன்று பார்க்கவில்லை என்று அது காட்டிக்கொடுக்கிறது. மாறாத 50-இல் இந்த எச்சரிக்கை மணி அடிக்கவே அடிக்காது. செக்லிஸ்டைக் குறைத்து, விசாரிப்பது, சிகிச்சைத் திட்டம், நோயாளியோடு பழகும் விதம் என்று பெரிய பெரிய கூறுகளாக மதிப்பிடுகிற வழக்கம் வந்ததற்கு இந்த மாதிரி முடிவுகளும் ஒரு காரணம். பிளாப் இரண்டாம் பகுதியில் இப்படி மூன்று கூறுகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை.

சின்னக் கல்லூரிகளுக்கு ரிக்ரெஷன் சரிப்படாது. இருபது பேரை வைத்துக் கோடு இழுத்தால் அது வருடா வருடம் ஆடும். அவர்களுக்காக நெதர்லாந்தில் ஜாங்கே கோஹன்-ஸ்கோட்டானஸும் வான் டர் வ்லூட்டனும் 2010-இல் ஒரு சிக்கனமான வழி சொன்னார்கள். வகுப்பில் நூற்றுக்கு 95 பேருக்கு மேலே நிற்கிற மாணவரின் மதிப்பெண்ணை உச்சமாக எடுத்துக்கொண்டு, அதில் 60 சதவீதம் பாஸ் மார்க். நல்ல மாணவர்கள் வருடா வருடம் ஏறத்தாழ ஒரே தரம்தான், தேர்வின் கடினம்தான் மாறுகிறது என்பது இதன் அனுமானம். ஆனால் அந்த 60 எங்கிருந்து வந்தது என்று கேட்டால் மறுபடி பழைய இடத்துக்கே வந்து நிற்போம்.

மனுஷர்கள் கணக்கு சொன்னபடி நடப்பார்களா என்று சொன்னேன் அல்லவா? 2012-இல் பீட்டர் யேட்ஸும் மற்றவர்களும் ஜாமா இதழில் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். டாக்டர்களில் ஒரு குழுவுக்கு முதலில் நன்றாகச் செய்தவர்களின் வீடியோக்கள், இன்னொரு குழுவுக்கு மோசமாகச் செய்தவர்களின் வீடியோக்கள். அதற்குப்பின் இரு குழுவுக்கும் அதே பார்டர்லைன் வீடியோக்கள். நல்லவர்களை முதலில் பார்த்தவர்கள் பார்டர்லைன் ஆட்களுக்குக் குறைவாகப் போட்டார்கள். ஆக, ஸ்டேஷனில் நமக்கு முன்னால் போனவர் யார் என்பது கொஞ்சம் விளையாடத்தான் செய்கிறது. இதை நான் சித்தி மகளிடம் சொல்லவில்லை. பரீட்சைக்குப் போகிறவளிடம் போய் எதற்கு?

இதிலிருந்து ஒரு முக்கியமான வித்தியாசம் தெரிகிறது. கோடு சரியான உயரத்தில் இருப்பது ஒன்று. அந்தக் கோட்டோடு ஒப்பிடப்படுகிற மதிப்பெண் சரியாகப் போடப்பட்டிருப்பது இன்னொன்று. பாஸ் மார்க்கைப் பற்றிய எந்தக் கணக்கும் இரண்டாவதைச் சரிசெய்யாது. பிரிட்டனில் குடும்ப மருத்துவர் ஆவதற்கான எம்.ஆர்.சி.ஜி.பி. தேர்வின் செய்முறைப் பகுதியில் இது பெரிய வழக்காகவே ஆனது. அப்போது அதில் 13 நோயாளிகள், ஆளுக்கு 10 நிமிடம். பாஸ் மார்க் பார்டர்லைன் முறையில்தான் போடப்பட்டது. ஆனால் வெளிநாட்டில் படித்துவந்த டாக்டர்கள், அவர்களில் பலர் நம் பக்கத்தவர்கள், மிக அதிகமாகத் தோற்றுக்கொண்டிருந்தார்கள். பிரிட்டனிலேயே படித்த சிறுபான்மை இனத்தவர்களும் வெள்ளையர்களைவிட அதிகம் தோற்கிறார்கள் என்று அனீஸ் இஸ்மாயிலும் கிறிஸ் ராபர்ட்ஸும் 2013-இல் பி.எம்.ஜே. இதழில் எழுதினார்கள். பிரிட்டனில் உள்ள இந்திய வம்சாவளி மருத்துவர்களின் சங்கம் பாப்பியோ நீதிமன்றம் போனது. 2014 ஏப்ரலில் நீதிபதி மிட்டிங் தேர்வு சட்டப்படி சரிதான் என்று வழக்கைத் தள்ளுபடி செய்தார். சங்கத்தின் கவலை நியாயமானது என்பதையும் தீர்ப்பில் மறுக்கவில்லை.

வழக்கில் யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புச் சொல்ல எனக்குத் தகுதியில்லை. ஆனால் எண்காரனாக ஒன்று தோன்றுகிறது. 'நாங்கள் அங்கீகரிக்கப்பட்ட முறையில் பாஸ் மார்க் போட்டோம்' என்பது கோட்டைப் பற்றிய பதில். நடிகர் பேசிய உச்சரிப்பு புரியாமல் போன டாக்டரும், கண்ணைப் பார்த்துப் பேசும் விதம் வேறாக இருந்த டாக்டரும் கேட்டது மதிப்பெண்ணைப் பற்றிய கேள்வி. ரிக்ரெஷன் எக்ஸாமினரின் கண்ணை நம்பித் தொடங்குகிறது. அந்தக் கண்ணில் சாய்வு இருந்தால் மதிப்பெண்ணிலும் இருக்கும், ஒற்றை வார்த்தையிலும் இருக்கும், இரண்டும் அழகாக ஒத்துப்போகும், கோடு நேராக நிமிர்ந்து நிற்கும். கணக்கில் எந்தப் பிழையும் தெரியாது. அதைக் கண்டுபிடிக்க வேறு சோதனைகள் வேண்டும்: ஒரே மாதிரி செய்தவர்களுக்கு வெவ்வேறு எக்ஸாமினர்கள் என்ன போட்டார்கள், நடிகர்கள் எல்லோரிடமும் ஒரே மாதிரி நடந்துகொண்டார்களா, எக்ஸாமினர்கள் யார் யார்.

கடைசியாக, எல்லாம் சரியாக நடந்து, கோடு 55 சதவீதத்தில் நிற்கிறது என்றே வைத்துக்கொள்வோம். 54 எடுத்தவர் ஃபெயில், 56 எடுத்தவர் பாஸ். அந்த இரண்டு மதிப்பெண் வித்தியாசம் நிஜமானதா? எந்தத் தேர்வும் தராசு மாதிரி இல்லை. அதே மாணவரை அடுத்த வாரம் வேறு ஸ்டேஷன்களில் நிறுத்தினால் வேறு மதிப்பெண் வரும். வகுப்பின் மதிப்பெண்கள் 8 சதவீதத் திட்டவிலக்கத்தோடு பரவியிருக்கின்றன, தேர்வின் நம்பகத்தன்மை 0.75 என்றால், ஒரு தனி மாணவரின் மதிப்பெண்ணில் இருக்கும் பிழை கிட்டத்தட்ட 4 சதவீதம். அதாவது 55 எடுத்தவரின் உண்மையான தரம் 51-ஆகவும் இருக்கலாம், 59-ஆகவும் இருக்கலாம்.

நோயாளியின் பக்கம் நின்று பார்க்கிறவர்கள் பாஸ் மார்க்கோடு இந்த 4-ஐக் கூட்டிவிடுவார்கள். 55 இப்போது 59. உண்மையில் 55 தரத்தில் இருப்பவர் அதிர்ஷ்டத்தில் தேறுகிற வாய்ப்பு பாதியிலிருந்து ஆறில் ஒன்றாகக் குறையும். நல்லதுதானே? ஆனால் உண்மையிலேயே 59 தரத்தில் இருக்கிறவர், அதாவது தேறவேண்டியவர், இப்போது பாதி வாய்ப்பில் தோற்பார். விலையை அவர் கொடுக்கிறார். எதைக் கூட்டினாலும் குறைத்தாலும் தவறு ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் நகருமே தவிர மறையாது. இன்னொரு பாதுகாப்பு, மொத்த மதிப்பெண் மட்டும் போதாது, குறிப்பிட்ட எண்ணிக்கையில் ஸ்டேஷன்களையும் தனித்தனியாகத் தேறவேண்டும் என்ற விதி. நெஞ்சுவலிக்காரரை விசாரிப்பதில் அள்ளிய மதிப்பெண், மூச்சு நின்றவரைக் காப்பாற்றத் தெரியாததை மூடிவிடக்கூடாது என்பதற்காக. இந்த விதி எனக்குச் சரியாகவே படுகிறது. நோயாளி சராசரியோடு வருவதில்லை, ஒரு வியாதியோடுதான் வருகிறார்.

தவறு மறையாது, ஆனால் குறையும். அதற்கு ஒரே வழி கோட்டருகில் நிற்பவர்களைப் பற்றி இன்னும் கொஞ்சம் தெரிந்துகொள்வது. லீட்ஸ் மருத்துவக் கல்லூரி இதை ஒழுங்காகச் செய்து பார்த்திருக்கிறது. முதலில் எல்லோருக்கும் ஒரு சுற்று ஸ்டேஷன்கள். தெளிவாகத் தேறியவர்கள் வீட்டுக்குப் போகலாம். கோட்டுக்குக் கீழேயும் கோட்டை ஒட்டியும் நிற்பவர்கள் மட்டும் இன்னொரு சுற்றுக்கு வருவார்கள். முடிவு இரண்டு சுற்றையும் சேர்த்து. இரண்டாம் சுற்று மறுதேர்வு இல்லை, அதே தேர்வின் மீதிப் பகுதி. எல்லோரையும் முப்பது ஸ்டேஷன்களில் நிறுத்தக் காசும் ஆளும் எந்தக் கல்லூரியிலும் கிடையாது. சந்தேகம் யார்மேலோ அவர்களிடம் மட்டும் அந்தச் செலவைச் செய்வது நல்ல கணக்கு. நம் பல்கலைக்கழகங்களில் வெளியூர் எக்ஸாமினர்களை வரவழைத்து இரண்டு மூன்று நாளில் முடித்து அனுப்புகிற இன்றைய ஏற்பாட்டில் இது எப்படி நடக்கும் என்று டாக்டர் நண்பர் ஒருவரிடம் கேட்டேன். "மொதல்ல எக்ஸாமினருக்கு ரெண்டாவது ரயில் டிக்கெட் யார் போடறதுன்னு கேப்பாங்க" என்றார்.